நாழிகை வழி

லடாக்கில் லே என்ற ஊரில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. அதற்கு வடக்கே, நுப்ரா பள்ளத்தாக்கில், தோய்ஸ் என்ற இடத்தில் இன்னொன்று. அது ராணுவத்தின் தளம். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ அதே தூரம்தான். தேசப்படத்தில் அளவுகோலை வைத்தால் இரண்டும் ஒரே நீளக் கோடு. செஞ்சியில் விடியற்காலை பஸ் ஏறுகிறவன் இரண்டு மணி நேரத்தில் புதுச்சேரியில் இறங்கி, வந்த வேலையை முடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். லேயிலிருந்து தோய்ஸுக்குப் போகிறவன் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் மலைப்பாதையில், 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லா என்ற கணவாயைத் தாண்டி, ஐந்தாறு மணி நேரம் போகவேண்டும். அதுவும் கணவாய் திறந்திருந்தால்.

இந்த இரண்டு பெயர்களும் எங்கள் குடும்பத்தில் புழங்க ஆரம்பித்தது என் அக்கா மகன் பட்டாளத்தில் சேர்ந்து அந்தப் பக்கம் போன பிறகுதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்த நான் அதற்கு முன் தோய்ஸ் என்ற பெயரைக் கேட்டதில்லை. இதை எழுதக் காரணம் ஒரு சாவு. ஆனால் நான் பேச நினைப்பது சாவைப் பற்றி அல்ல. தூரம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி.

நேர்கோட்டுத் தூரம் இயற்கையில் கிடக்கிற பொருள் மாதிரி நமக்குத் தோன்றுகிறது. அது மிகுந்த பிரயாசையோடு உண்டாக்கப்பட்டது. 1802இல் லாம்டன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கருகில் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் எஃகு நீள்வதைக் கணக்கில் சேர்க்க வெப்பமானி வைத்து, ஒவ்வொரு நூறடியாக நகர்த்தினார்கள். ஏழரை மைல் அளக்க 57 நாள் ஆயிற்று. நடந்தால் இரண்டரை மணி நேரத்தில் முடிகிற தூரம். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏறிக் கோணங்களை அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக ஒரு சங்கிலி தேசம் முழுவதும் பரவியது. 1850களில் அது காஷ்மீர், லடாக் மலைகளைத் தொட்டது. உலகத்தின் இரண்டாவது பெரிய சிகரத்துக்கு கே2 என்று வெறும் அடையாள எண் ஒட்டிக்கொண்டது அந்த அளவையில்தான். பரங்கிமலை அடிவாரத்தில் ஆரம்பித்த காரியம் நுப்ராவுக்கு வடக்கே காரகோரம் வரைக்கும் போயிருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அந்தக் கோடுகளில் எதன் மேலும் ஒரு மனிதன் நடந்து போக முடியாது. அவை பார்வை போகிற கோடுகள். கால் போகிற கோடுகள் வேறு.

செஞ்சியில் பிறந்தவனுக்கு இது புதிய விஷயம் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். ராஜகிரி உச்சியில் ரங்கநாதர் கோயில் பக்கம் நின்று பார்த்தால் கிருஷ்ணகிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி தெரியும். அந்த மண்டபத்துத் தூண்களை எண்ணிவிடலாம் போலிருக்கும். ஆனால் இதிலிருந்து இறங்கி அதில் ஏறி முடிக்க, வயசுக் காலத்தில் எனக்கே அரை நாள் பிடித்தது. இப்போது கேட்டால் முடியாது என்பதுதான் பதில். ஒரே தூரம், இரண்டு விடை.

கோட்டை கட்டினவர்களுடைய கலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தூரத்தைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுவது. ராஜகிரியின் உச்சியை நெருங்குகிற இடத்தில் பாறை பிளந்து 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக ஒரு வெடிப்பு இருக்கிறது. முன்னே அதன்மேல் எடுத்து வைக்கிற மரப்பாலம் இருந்தது. இப்போது நிலையான பாலம். இன்று பள்ளிப் பிள்ளைகள் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாலம் இருக்கும்போது 24 அடி என்பது பத்துத் தப்படி. பாலத்தை எடுத்துவிட்டால் அதே 24 அடி எத்தனை மாசம், எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டுக் கோட்டை விழுந்தது 1698இல். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் சுமார் 800 அடி உயரம். எட்டு வருஷம். வருஷத்துக்கு நூறடி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கல்லின் மகிமை என்று இதை முடித்துவிட முடியாது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். மலை அதே மலை, வெடிப்பு அதே வெடிப்பு. சுல்பிகர் கானின் எட்டு வருஷத்தில் பஞ்சம் உண்டு, சம்பளம் வராத சிப்பாய்கள் உண்டு, உள்ளே இருந்த ராஜாராமோடு அவன் பேரம் பேசிக்கொண்டிருந்தான் என்ற பேச்சும் உண்டு. போக விருப்பமில்லாதவனுக்கு 800 அடி எட்டு வருஷ தூரம். 

அந்த ராஜாராம் இங்கே வந்த கதையும் எனக்கு இப்போது வேறு மாதிரி படுகிறது. சிவாஜியின் இளைய மகன். 1689இல் பன்ஹாலா கோட்டையிலிருந்து மாறுவேஷத்தில் கிளம்பி, மொகலாயர் கண்ணில் படாமல், பெத்னூர், பெங்களூர், வேலூர் என்று சுற்றிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தான். நேர்கோட்டில் 760 கிலோமீட்டர் அளவு. அவனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. குதிரை வேகத்தை வைத்து அந்த நாட்களைக் கணக்குப் போட முடியாது. யாரிடம் எங்கே ஒளிந்திருந்தான், யார் வழிவிட்டார்கள், யார் மறித்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு மாதம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னம் ஆக்கியது. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். படத்தில் பதினொரு புள்ளிகள் மேற்கே கூட்டமாக இருக்கும். ஒரு புள்ளி மட்டும் தெற்கே தனியாகக் கிடக்கும். அந்தத் தனிப்புள்ளிக்கு அர்த்தம் கொடுப்பது ராஜாராம் வந்த வழிதான், தூரம் இல்லை.

இனி அந்த பிப்ரவரி மாசத்து விஷயம்.

அக்கா திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போனாள். அவள் புருஷன் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஒரு மகள், ஒரே மகன். மகன் தோய்ஸுக்குப் பக்கத்து முகாமில் இருந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். செவ்வாய்க்கிழமை காலை, ஐஸ் பெட்டி வந்து இறங்கிய பிறகு, வாசல் பந்தலில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: அவன் எப்போது வருவான்? தெருப் பையன் ஒருவன் செல்போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தான். செஞ்சியிலிருந்து அந்த இடம் 2,490 கிலோமீட்டர். விமானத்தில் மூன்றரை மணி நேரம்.

பங்காளி வகையில் மூத்தவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "மூணரை மணி நேரந்தானா? அப்பப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவான். எடுத்துறலாம்" என்றார்.

பையன் படித்த கணக்கில் தப்பில்லை. 2,490 கிலோமீட்டர் சரி. அந்தத் தூரத்தை ஒரு ஜெட் விமானம் எங்கும் நிற்காமல் நேராகப் பறந்தால் மூன்றரை மணி நேரம் என்பதும் சரி. ஆனால் அப்படி ஒரு விமானம் கிடையாது. செஞ்சியில் விமானம் இறங்க இடம் கிடையாது. ரயில்கூடக் கிடையாது. திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில்பாதை 2006–07இல் அனுமதிக்கப்பட்டு இன்னும் முடியாமல் கிடக்கிறது. இதையெல்லாம் பந்தலில் நின்று அவர்களுக்குச் சொன்னேன். முகாமிலிருந்து லே, லேயிலிருந்து டில்லி, டில்லியிலிருந்து சென்னை, அங்கிருந்து பஸ். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதெல்லாம் சரி மாப்ளே, எவ்ளோ நேரம்னு சொல்லு" என்றார். வழியைச் சொன்னால் அவருக்குப் பதிலாகப் படவில்லை. எண்ணாகச் சொல்லவேண்டும். எண்ணைப் பையன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

மத்தியானம் போன் வந்தது. பனி விழுந்து கணவாய் மூடியிருக்கிறது. சண்டிகருக்குப் போகிற ராணுவ விமானமும் மேகத்தால் வரவில்லை. குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி தெளிவாக இருந்தது. இங்கே பறை அடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். "மாமா, நாளைக்குத் தெறந்தாலும் தெறக்கும். சொல்ல முடியாது" என்றான். புதன்கிழமை காலை மறுபடி பேசினான். "காத்திருக்காதீங்க மாமா. அண்ணனை வைக்கச் சொல்லுங்க." அண்ணன் என்றது அவன் பெரியப்பா மகனை. புதன் சாயங்காலம் எடுத்தோம். தாய்மாமனாக நான் பிறந்த வீட்டுக் கோடி போட்டேன். அக்காவை நெருப்பில் வைத்தபோது அவன் போனில் இருந்தான். பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. யாரோ போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வியாழக்கிழமை கணவாய் திறந்தது. வண்டியில் லேக்கு வந்தான். லேயில் சிவில் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். பிற்பகலில் மலைக்காற்று விடாது. ஆகவே ஒரு ராத்திரி அங்கே. வெள்ளிக்கிழமை டில்லி. ராத்திரி சென்னை. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் செஞ்சி கூட்டுரோட்டில் இறங்கி நடந்து வந்தான். அக்கா போன நேரத்திலிருந்து 103 மணி நேரம். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். வண்டியில் ஆறு, விமானங்களில் நாலு, பஸ்ஸில் நாலு. அவன் நகர்ந்துகொண்டிருந்தது 14 மணி நேரம். மற்ற 89 மணி நேரமும் அவன் எங்கேயோ உட்கார்ந்திருந்தான். பிரயாணம் என்றால் நகர்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவனுடைய பிரயாணத்தில் ஏழில் ஆறு பங்கு நகராமல் இருந்ததுதான்.

விமானம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதிலும் ஒரு பொய் இருப்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டில்லியிலிருந்து லே ஒன்றேகால் மணி நேரம். ஆனால் லேயின் உயரம் பத்தாயிரத்தைந்நூறு அடிக்கு மேல். போய் இறங்குகிற ராணுவத்தானை உடனே வேலைக்கு அனுப்புவதில்லை. மேலே போகவேண்டியவனுக்கு 9,000 அடியிலிருந்து 12,000 அடிவரை ஆறு நாள், அதற்கு மேல் 15,000 வரை நாலு நாள், அதற்கும் மேலே இன்னும் நாலு நாள் என்று உடம்பைப் பழக்குகிறார்கள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து ஆள் செத்துப் போகலாம். ஒன்றேகால் மணியில் மிச்சப்படுத்திய நேரத்தை உடம்பு பதினாலு நாளாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. பழைய வணிகர்கள் கோவேறு கழுதைகளோடு வாரக்கணக்கில் ஏறிப் போனபோது இந்தக் காத்திருப்பு அவர்கள் நடையிலேயே கரைந்திருந்தது. 

இன்னொன்றும் சொன்னான். கர்துங் லாவில் 18,380 அடி என்று எழுதி ஒரு பலகை வெகுகாலம் நின்றது. உலகிலேயே உயரமான மோட்டார் சாலை என்ற பெருமையும் அதோடு சேர்ந்திருந்தது. பிற்பாடு செயற்கைக்கோள் கருவிகளால் அளந்தபோது உயரம் 17,582 அடிதான் என்று தெரிந்தது. வித்தியாசம் 798 அடி. கிட்டத்தட்ட எங்கள் ராஜகிரியின் உயரம். ஒரு ராஜகிரியையே தூக்கிக் கணவாயின் மேல் வைத்து எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் யாருக்கும் மூச்சு வாங்கியது அந்த எண்ணால் கூடவுமில்லை, குறையவுமில்லை.

தமிழில் தூரத்துக்கு இருந்த சொற்களை நினைத்துப் பார்க்கிறேன். நாழிகை வழி. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம், நடந்தால் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு. கூப்பிடு தூரம். கல்லெறி தூரம். காதம் என்பதைப் பத்து மைல் என்கிறார்கள், வேறு கணக்கும் சொல்கிறார்கள்; ஒரே கணக்கு இல்லாததே அதன் குணம். இந்த அளவுகள் எல்லாவற்றிலும் ஒரு ஆள் இருக்கிறான். நடக்கிறவன், கூப்பிடுகிறவன், எறிகிறவன். மழைக்காலத்து நாழிகை வழி கோடைக்காலத்து நாழிகை வழியைவிடக் குறைவு. கிழவியின் நாழிகை வழி வேறு. விஞ்ஞானத்துக்கு இது குறை. ஒப்புக்கொள்கிறேன். பாலம் கட்டுகிறவனுக்கும் விமானம் ஓட்டுகிறவனுக்கும் லாம்டனின் சங்கிலி வேண்டும். பந்தலில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுக்கு வேண்டியது அது அல்ல.

கூப்பிடு தூரம் என்ற சொல்லுக்கு நேர்ந்திருப்பதையும் கவனிக்கவேண்டும். முன்னே கூப்பிட்டால் கேட்கும் என்றால், கேட்டவன் ஓடி வந்துவிடுவான் என்று அர்த்தம். குரலும் காலும் ஒரே அளவில் அடங்கின. இன்று தோய்ஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பறைச் சத்தம் அங்கே கேட்கிறது. கால் மட்டும் கணவாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறது. குரல் எட்டி, கால் எட்டாத இந்த இடைவெளிக்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் உண்டாகவில்லை. பிழைப்புக்காக வெளியே போன பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அந்த இடைவெளி இருக்கிறது. சொல் இல்லாமல் இருக்கிறது.

இது நம் எழுத்தைப் பற்றிய விஷயமும்தான். பாலைத் திணையில் பிரிந்து போகிறவன் எத்தனை காதம் போனான் என்பது பெரிய விஷயமில்லை. வழியில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறார்கள். வறண்ட சுனை, நிழலில்லாத மரம், ஆறலை கள்வர், யானை. வீட்டில் இருக்கிறவளுக்குத் தூரம் தெரிவது அந்த வழியாகத்தான். நம்முடைய புதுக்கவிதையில் தூரம் என்ற சொல் ஏராளமாக வருகிறது. எனக்கும் உனக்கும் தூரம், கடவுளுக்கும் மனிதனுக்கும் தூரம், சொல்லுக்கும் பொருளுக்கும் தூரம். பெரும்பாலும் அது தெருப்பையன் செல்போனில் படித்த தூரம்தான். இரண்டு புள்ளிகளை வைத்து ஒரு கோட்டை இழுத்துவிடுகிறார்கள். கணக்கு சரியாகவே இருக்கிறது. நடுவே ஒரு வெடிப்பு இருக்கிறதா, மரப்பாலம் இருக்கிறதா, அதை எடுத்து வைத்துக்கொண்டிருப்பவன் யார், எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்க வேண்டும், எதற்கும் வரியில் இடமில்லை. வாசிக்கிறவனும் அந்தப் பெரியவரைப் போல, பொழுது சாய்வதற்குள் வந்துவிடும் என்று நம்பிவிடுகிறான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த சின்னப் பிள்ளைகள் அக்கா மகனைச் சுற்றி உட்கார்ந்து, நீ இருக்கிற இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். அவன் கிலோமீட்டர் சொல்லவில்லை. "மொதல்ல ரெண்டு நாள் வானத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். அப்புறம் ஒரு மலை. ஏறும்போது தலை வலிக்கும், பேசக் கூடாது. எறங்கினா ஒரு ராத்திரி. காலையில காத்து கெளம்பறதுக்குள்ள ஏரோப்ளேன். அப்புறம் இன்னொரு ஏரோப்ளேன். அப்புறம் நம்ம பஸ்" என்றான். நான் வகுப்பில் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பூகோளத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததில்லை. பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் இருந்த பெரியவர் மட்டும், "அவ்ளோ தூரமா?" என்றார்.